ஒரு ஏரியாவ யாரு உருவாக்குறாங்க? பம்பாய் ப்ளாட்பாரத்துப் பெண்கள்கிட்ட பதில் இருக்கு

நம்ம நகரங்கள்ல ஒரு ஏரியா எப்படி இருக்கணும்னு முடிவு பண்றதுல அங்க குடியிருக்கற சாதாரண ஜனத்துக்கு ஏதாவது பங்கு இருக்கா, இல்ல எல்லாமே கார்ப்பரேஷன், பில்டர், அரசியல்வாதி கையிலதானா, அதுலயும் வாடகைக்கு இருக்கறவங்க என்ன பண்ண முடியும்னு கேட்டிருக்கீங்க. பங்கு இருக்கு, நீங்க நினைக்கறத விட நிறையவே இருக்கு. ஆனா அது மனு குடுக்கறதுலயோ ட்விட்டர்ல கார்ப்பரேஷன டேக் பண்றதுலயோ பெருசா வர்றது இல்ல. நான் பாத்த வரைக்கும் எந்த ஏரியாவுல ஜனங்க தங்களப் பத்தின கணக்கத் தாங்களே எடுத்து வச்சிருக்காங்களோ, ஒரு வேலைய அரசாங்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சின்ன அளவுல செஞ்சு காட்டியிருக்காங்களோ, அங்கதான் ஆபீசர் வந்து உக்காந்து பேசியிருக்கார்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் பம்பாய்தான். செம்பூர் பக்கம் பல வருஷம் இருந்தவன்ங்கறதால மட்டும் சொல்லல, இந்தக் கதையோட நடுவுல ஒரு தமிழர் இருக்கார், தமிழ்நாட்டுல அவர் பேர் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயல்ல பிறந்தவர், 1963 வாக்குல பதினாறு பதினேழு வயசுல பம்பாய்க்கு வந்து தச்சு வேலை பாத்தவர், மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனில தங்குனவர். அந்தக் காலனிக்குக் குப்பை வண்டி வராது. மனு எழுதி எழுதி அலுத்துப் போயிருந்த ஜனம். இவர் என்ன பண்ணார்னா ஏரியா பிள்ளைங்களயெல்லாம் ஒண்ணு சேத்து, ஆளுக்குக் கொஞ்சம் குப்பைய பேப்பர்ல பொட்டலமா கட்டச் சொல்லி, ஊர்வலமா கூட்டிட்டுப் போய் முனிசிபல் ஆபீஸ் வாசல்ல கொட்ட வச்சார். அதுக்கப்புறம் முனிசிபாலிட்டிக்காரங்க வந்து பேசுனாங்க, குப்பையும் எடுத்தாங்க.

இத ஏதோ சினிமா சீன் மாதிரி எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அதோட கதை முடியல. ஜனதா காலனி பக்கத்துலயே பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அவங்களுக்கு அந்த நிலம் வேணும். இத்தனைக்கும் அந்த ஜனங்கள அங்க கொண்டு வந்து குடி வச்சதே முனிசிபாலிட்டிதான். கோர்ட்டு, டெல்லி, பார்லிமெண்ட்னு எல்லா இடத்துக்கும் போய்ப் போராடியும் 1976ல எமர்ஜென்சி சமயத்துல மொத்தக் காலனியயும் இடிச்சு, சுமார் 70,000 பேர சீட்டா கேம்ப்ங்கற இடத்துக்கு மாத்திட்டாங்க. இன்னைக்கும் அங்க போனா தமிழ் காதுல விழாம நீங்க ஒரு சந்தத் தாண்ட முடியாது. அந்தத் தோல்விக்கு அப்புறம் ஜாக்கினோட வழி மெதுவா மாறிச்சு. எதுத்து நின்னா மட்டும் போதாது, இடிக்க வர்றவன்கிட்ட இல்லாத ஒண்ணு நம்ம கையில இருக்கணும்ங்கற எடத்துக்கு அவர் வந்தார். எழுபதுகள்ல அவர் ஆரம்பிச்ச தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு அப்படித்தான் வளந்துச்சு.

இப்ப பம்பாயோட இன்னொரு பகுதியான பைகுல்லாவுக்கு வருவோம். 1981ல மகாராஷ்டிரா முதலமைச்சரா இருந்த அந்துலே, மழைக்காலத்துல, ப்ளாட்பாரத்துல குடிசை போட்டு இருந்தவங்கள அப்புறப்படுத்த உத்தரவு போட்டார். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1985 ஜூலைல தீர்ப்பு வந்துச்சு, ஓல்கா டெல்லிஸ் கேஸ்னு சொல்லுவாங்க. பிழைப்புக்கான உரிமை வாழற உரிமைக்குள்ள அடங்கும்னு கோர்ட் சொல்லிச்சு, சட்டம் படிக்கறவங்க எல்லாரும் அந்த வரியத்தான் மனப்பாடம் பண்றாங்க. அதே தீர்ப்புதான் முறையா நோட்டீஸ் குடுத்து, மழைக்காலம் முடிஞ்சதும் அப்புறப்படுத்தலாம்னும் சொல்லிச்சு. ப்ளாட்பாரத்துல பிள்ளையோட படுத்திருக்கற அம்மாவுக்கு ரெண்டாவது வரிதான் முக்கியம்.

ஸ்பார்க்னு ஒரு அமைப்பு, ஷீலா படேல் உள்பட சில பேர் 1984ல ஆரம்பிச்சது, அப்ப பைகுல்லாவுல ஒரு முனிசிபல் டிஸ்பென்சரியோட கராஜ்ல ஆபீஸ் வச்சிருந்தாங்க. தீர்ப்பு வந்ததும் அவங்களும் ப்ளாட்பாரத்துப் பெண்களும் சேந்து செஞ்ச முதல் வேலை கணக்கெடுப்பு. போராட்டம் இல்ல, உண்ணாவிரதம் இல்ல. எத்தன குடும்பம், எங்கிருந்து வந்தீங்க, எத்தன வருஷமாச்சு, என்ன வேலை, வேலைக்கு எவ்வளவு தூரம் நடக்கறீங்க, இதுக்கு முன்னாடி எத்தன தடவ உங்க குடிசைய இடிச்சிருக்காங்க. கிட்டத்தட்ட 6,000 குடும்பத்தப் பத்தின கணக்கு கைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் ஊர் முழுக்க இவங்கள நேத்து வந்து இன்னைக்கு ஓடிப்போறவங்க, பிச்சைக்காரங்க, திருடங்கன்னுதான் பேசிட்டு இருந்துச்சு. கணக்கப் பாத்தா பாதிக்கு மேல பல வருஷமா அதே இடத்துல இருக்கறவங்க, பக்கத்துலயே கூலி வேலை, வீட்டு வேலை, தள்ளுவண்டின்னு உழைக்கறவங்க, பஸ்சுக்குக் காசு குடுத்தா கட்டுப்படியாகாதுங்கறதாலதான் வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துலயே படுக்கறாங்க. அரசாங்கத்தோட சென்சஸ்ல இவங்க எங்கயும் சரியா இல்ல. அதனால அடுத்த தடவ ஆபீசர் முன்னாடி உக்காந்தப்ப இவங்ககிட்ட பேப்பர் இருந்துச்சு, அவர்கிட்ட எதுவும் இல்ல. பேச்சோட தொனியே மாறிடுச்சு.

1986ல அந்த ப்ளாட்பாரத்துப் பெண்கள் மகிளா மிலன்னு தங்களுக்குன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவங்க. இவங்க செஞ்சது சேமிப்பு. தினமும் ஒருத்தங்க குடிசை குடிசையா போவாங்க, ஒரு ரூபா ரெண்டு ரூபா, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கணக்கு எழுதத் தெரியாதே, அதுக்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள கலர் கலரா சின்னச் சின்ன காகிதத் துண்டு, ஒவ்வொரு கலருக்கும் ஒரு தொகை, பாத்ததுமே யாரு எவ்வளவு போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். அவசரத்துக்கு அதுலயே கடன். கேக்கறதுக்கு சுய உதவிக் குழு மாதிரிதான் இருக்கும், ஆனா இதுல காசு பாதிதான், மீதி பாதி அந்த தினசரி நடை. தினமும் நூறு குடிசை வாசல்ல நின்னு பேசுறவங்களுக்கு யார் வீட்டுல குடிச்சிட்டு அடிக்கறான், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், யாரு ஊருக்குப் போயிருக்கா, எல்லாமே தெரியும். அந்த அறிவு எந்த வார்டு ஆபீஸ்லயும் கிடையாது. இடிக்க வண்டி வர்றப்ப கூட, முன்னாடியெல்லாம் கத்துவாங்க, அடி வாங்குவாங்க, தகரம் மரம் பாத்திரம் எல்லாத்தயும் வண்டில ஏத்திட்டுப் போயிடுவாங்க. அப்புறம் இவங்களே சேந்து தங்கள் குடிசைய கழட்டி ஓரமா அடுக்கி வச்சிட்டு நிப்பாங்க, பொருள் கைய விட்டுப் போகாது, சாயங்காலம் மறுபடி கட்டிக்கலாம், போலீஸ்காரனுக்கும் அடிக்க வேலை இல்ல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வீடு டிசைன் பண்ண கதை. உங்களுக்கு நிலம் கிடைச்சா எந்த மாதிரி வீடு வேணும்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டாங்க. ப்ளாட்பாரத்துல ஆறடிக்கு எட்டடில குடும்பம் நடத்துறவங்க. துணி, மூங்கில், அட்டை எல்லாம் வச்சு நிஜ அளவுலயே மாதிரி வீடு கட்டி, உள்ள போய் உக்காந்து, எழுந்து, அடுப்பு எங்க, பாத்திரம் கழுவறது எங்கன்னு பாத்தாங்க. அவங்க கேட்டது 14 அடி உயரம். ஆர்க்கிடெக்ட் எல்லாம் தரைப் பரப்பளவுலயே யோசிக்கறாங்க, இவங்க உயரத்துல யோசிச்சாங்க, ஏன்னா 14 அடி இருந்தா பரண் மாதிரி ஒரு தளம் போட்டுக்கலாம், மேல ஒருத்தர் தூங்கலாம், பெரிய பொண்ணுக்கு ஒரு மறைவு கிடைக்கும், ஊர்ல இருந்து யாராவது வந்தா படுக்க இடம் இருக்கும். அந்த மாதிரி வீட்ட 1986, 87 வாக்குல பைகுல்லாவுலயே கண்காட்சியா வச்சாங்க, ஆபீசர்ஸ் வந்து பாத்தாங்க. அப்புறம் பல ஊர்கள்ல இதே மாதிரி வீட்டுக் கண்காட்சி நடந்துச்சு.

கக்கூஸும் அப்படித்தான். குடிசைப் பகுதிக்கு முனிசிபாலிட்டி கட்டிக் குடுக்கற கக்கூஸ்ல தண்ணி இருக்காது, லைட் இருக்காது, கதவு ஆறு மாசம் தாங்காது, பராமரிக்க ஆள் கிடையாது. இத தினம் அனுபவிக்கற பெண்களே உக்காந்து யோசிச்சப்ப என்ன வந்துச்சுன்னா, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் தனி வாசல், தனி வரிசை, பெரிய தண்ணித் தொட்டி, பராமரிக்கற குடும்பத்துக்கு அங்கயே ஒரு ரூம், ஒரு குடும்பத்துக்கு மாசப் பாஸ். எல்லாத்துக்கும் மேல பிள்ளைங்களுக்குத் தனி கக்கூஸ். காலைல வரிசைல சின்னப் பிள்ளை நின்னா பெரியவங்க தள்ளிட்டு முன்னாடி போயிடுவாங்க, பெரியவங்க குழி பெருசா இருட்டா இருக்கும், உள்ள விழுந்துடுவோமோன்னு பிள்ளைங்க பயப்படும், அதனால ரோட்டோரத்துல உக்காரும். அதுக்காக ஆழம் கம்மியா, பிடிச்சுக்க கைப்பிடியோட, சின்ன அளவுல வச்சாங்க. எந்த இன்ஜினியரிங் புத்தகத்துலயும் இது இருந்திருக்காது. பூனாவுல ரத்னாகர் கெய்க்வாட் மாநகராட்சி கமிஷனரா இருந்தப்ப ஆரம்பிச்சு, 1999ல இருந்து 2001 வரைக்கும் மாநகராட்சி காசு போட, அமைப்புகள் கட்டி பராமரிக்கன்னு 400க்கும் மேல கக்கூஸ் கட்டடம் எழும்புச்சு, அதுல ஒரு பெரிய பங்கு மகிளா மிலன், ஸ்பார்க், ஜாக்கினோட கூட்டமைப்பு மூணும் சேந்த கூட்டணியோடது, சிலதுக்கு கான்ட்ராக்டரே அந்தப் பெண்கள்தான். செங்கல் கணக்கு, சிமெண்ட் கணக்கு எல்லாம் வேலை செய்யற இடத்துலயே கத்துக்கிட்டாங்க. கமிஷனர் வாராவாரம் எல்லாரயும் கூட்டி வச்சு எது எங்க நிக்குதுன்னு கேப்பார், அது இல்லாம இவ்வளவு வேகமா நடந்திருக்காது, அதயும் சொல்லணும். ஜனம் மட்டும் போதாது, கதவத் திறக்கற ஒரு ஆபீசரும் வேணும்.

அப்புறம் ரயில்வே லைன். பம்பாய் லோக்கல் தண்டவாளத்த ஒட்டி ஆயிரக்கணக்குல குடிசை இருந்துச்சு, அந்த இடம் வந்தா ட்ரெயின் ஆமை வேகத்துல ஊரும். உலக வங்கிக் கடன்ல லைன விரிவாக்கற திட்டம் வந்தப்ப, அங்க இருந்தவங்க கணக்க ஜனங்களோட அமைப்பே எடுத்து, யார் எந்தக் குடிசைன்னு லிஸ்ட ஏரியாவுலயே ஒட்டி, தப்பு இருந்தா திருத்தி, கடைசில 60,000 பேருக்கு மேல போலீஸ் லத்தி இல்லாம இடம் மாறுனாங்க. தங்கள் குடிசைய தாங்களே பிரிச்சாங்க. இந்தியால இந்த அளவுல இது மாதிரி நடந்தது ரொம்ப அபூர்வம்.

இதோட இன்னொரு பக்கத்தயும் சொல்லாம விட்டா நான் நேர்மையா பதில் சொன்னதா ஆகாது. மாறிப் போன எல்லாருக்கும் நல்ல வீடு கிடைச்சிடல. மான்கூர்ட் லல்லுபாய் காம்பவுண்ட், கோவண்டி நட்வர் பாரேக் காம்பவுண்ட் மாதிரி இடங்கள்ல கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவுல இடமே இல்ல, கீழ் மாடிகள்ல மத்தியானம் கூட வெளிச்சம் வராது, காத்து வராது. அதுக்கும் அங்க டிபி அதிகமா இருக்கறதுக்கும் தொடர்பு இருக்குன்னு 2018ல வந்த ஆய்வே சொல்லிச்சு. கட்டுன விதிகள் அரசாங்கத்தோடது, லாபம் பில்டரோடது, 14 அடி உயரம் கேட்ட பெண்களோட டிசைன் அங்க எங்கயும் இல்ல. ஜனங்க பேச்சு எந்தக் கட்டத்துல நின்னு போச்சுன்னு பாத்தா, கணக்கெடுக்கறதுல இருந்தாங்க, இடம் மாறுறதுல இருந்தாங்க, கட்டடம் வரையற மேஜைல இல்ல.

மிடில் கிளாஸ் ஏரியா கதை வேற. பம்பாய்ல காட்கோபர் ஜோஷி லேன்ல 1997ல குடியிருப்புக்காரங்களே குப்பையப் பிரிச்சு, தெருவச் சுத்தமா வச்சுக்க ஆரம்பிச்சாங்க, அதப் பாத்து பம்பாய் மாநகராட்சியே அத ஏஎல்எம்னு (அட்வான்ஸ்டு லொகாலிட்டி மேனேஜ்மெண்ட்) ஒரு திட்டமா ஊர் முழுக்க எடுத்துக்கிச்சு. சென்னைல அதுக்கும் முன்னாடியே, 1989ல எம்.பி.நிர்மல் ஆரம்பிச்ச எக்ஸ்னோரா வழியா, தெருக்காரங்க காசு போட்டு ஒரு ட்ரைசைக்கிள் வாங்கி, ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுத்து, வீட்டு வாசல்ல வந்து குப்பை எடுக்க வச்சாங்க. வீடு வீடா குப்பை எடுக்கணும்னு மத்திய அரசு விதி போட்டது 2000லதான். அந்த வேலைய செஞ்ச ஆளுக்கு ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்னு பேர் வச்சாங்க, எங்க பக்கம் வயசானவங்க சிலர் இன்னும் அந்தப் பேர்ல கூப்பிடறாங்க. பெங்களூர்ல சர்ஜாபூர் ரோடு கைகொண்டனஹள்ளி ஏரி சாக்கடையா போயிட்டு இருந்தப்ப 2008ல இருந்து சுத்துவட்டாரத்துக்காரங்க மாநகராட்சியோட உக்காந்து திட்டம் போட்டு அத மீட்டாங்க, அதுல எனக்குப் பிடிச்சது, அபார்ட்மெண்ட்காரங்க நடக்கறதுக்கு மட்டும்னு ஆக்காம மாட்டுக்குப் புல் அறுக்கறவங்களுக்கும் மீன் பிடிக்கறவங்களுக்கும் இடம் விட்டது.

ஏன்னா எல்லா அசோசியேஷனும் அப்படி விடறது இல்ல. பல இடத்துல குடியிருப்போர் சங்கம் செய்யற முதல் வேலை பொதுத் தெருவுக்கு கேட் போடறது, ரெண்டாவது வேலை காய்கறி வண்டிய தூக்கச் சொல்றது. அதே வீட்டுக்காரங்க சாயங்காலம் அந்த வண்டியத் தேடுவாங்க. ஒரு தெருவ உருவாக்கறவங்கன்னா அதுல வீடு வச்சிருக்கறவங்க மட்டும் இல்ல, அங்க இஸ்திரி போடற அண்ணன், பூக்கார அக்கா, வாடகைக்கு இருக்கற பேச்சிலர், வீட்டு வேலைக்கு வர்றவங்க எல்லாரும்தான். 2014ல வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊர்லயும் வியாபாரக் குழு இருக்கணும், அதுல 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிகளே இருக்கணும், சங்கத்துக்காரங்களுக்கும் அதுல இடம் உண்டு. ரெண்டு பேரும் ஒரே மேஜைல உக்காந்து பேசறதுக்குச் சட்டமே வழி வச்சிருக்கு, உங்க ஊர்ல அந்தக் குழு இருக்கான்னு போய்க் கேளுங்க.

ஏன் இவ்வளவும் ஜனமே செய்யணும், அதுக்குத்தானே கவுன்சிலர்னு கேட்டா, நியாயமான கேள்வி. நகராட்சிகளப் பத்தின அரசியல் சட்டத்தோட 74வது திருத்தம் 1993ல அமலுக்கு வந்துச்சு, 3 லட்சம் ஜனத்தொகைக்கு மேல இருக்கற ஊர்ல வார்டு கமிட்டி இருக்கணும்னு அதுல இருக்கு. நடைமுறைல சென்னைல 2016ல இருந்து 2022 பிப்ரவரி வரைக்கும் கவுன்சிலரே கிடையாது, பம்பாய்ல 2022 மார்ச்சுக்கு அப்புறம் மூணு வருஷத்துக்கு மேல கிடையாது, பெங்களூர்ல 2020ல இருந்து இல்லாம ஓடிச்சு. இத்தன பெரிய ஊர்கள்ல தண்ணி வரலன்னா தேடிப் போய்க் கேக்க ஒரு ஆள் இல்லாம ஜனம் இருந்திருக்கு. அந்த நேரத்துல ஊர் ஓடினது ஏரியாக்காரங்களாலயும் கீழ்மட்ட ஊழியர்களாலயும்தான்.

இப்ப தாராவில நடக்கறதப் பாருங்க, கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம்னு சொன்னேனே, அது அங்க இப்ப கண்ணு முன்னாடி நடக்குது. மீன்பிடிக்கற கோலிகள், சௌராஷ்டிராவுல இருந்து வந்த குயவர்கள், திருநெல்வேலில இருந்து தோல் வேலைக்கு வந்த நம்ம ஜனம், இவங்கெல்லாம் சதுப்பு நிலத்த மேடாக்கி கட்டுன ஊர் அது. மறுசீரமைப்புத் திட்டம் 2022ல அதானி குழுமத்துக்குப் போச்சு, 2024ல வீடு வீடா சர்வே ஆரம்பிச்சாங்க. 2000 ஜனவரி 1க்கு முன்னாடி இருந்து தரைத் தளத்துல இருக்கறவங்களுக்கு தாராவிக்குள்ளயே 350 சதுர அடி வீடு இலவசம், அதுக்கு அப்புறம் வந்தவங்களுக்கும் மாடில இருக்கறவங்களுக்கும் வெளில எங்கயோ, காசு கட்டியோ வாடகைக்கோதான். தாராவி வீடுன்னா கீழ ஒரு குடும்பம், ஏணி வச்சு மேல ஒரு குடும்பம், சில இடத்துல அதுக்கும் மேல ஒரு பட்டறை. மேல இருக்கறவர் இருபது வருஷமா அதே ஏணில ஏறி இறங்கியிருப்பார், கரண்ட் பில்லு கீழ் வீட்டுக்காரர் பேர்ல இருக்கும். யார் கணக்கெடுக்கறாங்க, எந்தக் கேள்வி கேக்கறாங்க, எந்தப் பேப்பர ஏத்துக்கறாங்கங்கறதுலயே ஒரு குடும்பம் ஊருக்குள்ள இருக்கா வெளில போகுதாங்கறது முடிவாயிடுது. 1985ல பைகுல்லாப் பெண்கள் செஞ்ச மாதிரி சந்து சந்தா தங்கள் லிஸ்ட்டத் தாங்களே எடுத்து வச்சிருக்கற ஏரியாக்காரங்களுக்குத்தான் சர்வேல விட்டுப்போன பேரக் கேக்க ஒரு பிடி இருக்கும். ஜாக்கின் 2018 அக்டோபர்ல இறந்துட்டார், இதப் பாக்க அவர் இல்லங்கறது எனக்கு உண்மையிலேயே பெரிய வருத்தம்.

கடைசியா வாடகைக்கு இருக்கறவங்க என்ன பண்றதுன்னு கேட்டீங்களே. தமிழ்நாட்டுல 2022ல ஏரியா சபைக்கு விதி வந்தாச்சு, ஒவ்வொரு வார்டயும் சில ஏரியாவா பிரிச்சு, அந்த ஏரியா வாக்காளர் பட்டியல்ல இருக்கற எல்லாரும் அதுல உறுப்பினர். சொந்த வீடா வாடகையான்னு அங்க யாரும் கேக்க முடியாது, பட்டியல்ல பேர் இருக்கணும், அவ்வளவுதான். நம்மள்ல முக்கால்வாசிப் பேர் பத்து வருஷமா வேளச்சேரில இருந்துட்டு ஓட்ட இன்னும் சொந்த ஊர்லயே வச்சிருக்கோம். முதல்ல அத மாத்துங்க. அப்புறம் உங்க தெருவுல ஒரு நோட்டு போட்டு எத்தன வீடு, எத்தன லைட் எரியல, எந்த நாள் தண்ணி வந்துச்சு, எந்த மேன்ஹோல் மழைக்குப் பொங்குதுன்னு ரெண்டு மாசம் தேதி போட்டு எழுதுங்க, எழுதறப்ப இஸ்திரி அண்ணனையும் வாட்ச்மேனையும் கேளுங்க, உங்கள விட அவங்களுக்கு அதிகம் தெரியும். அந்த நோட்டோட சபைக்குப் போங்க. உங்க ஏரியாவுல சபை இதுவரைக்கும் கூடவே இல்லன்னா, எப்பக் கூட்டப் போறீங்கன்னு கவுன்சிலர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு, குடுத்ததுக்குச் சீல் போட்ட காப்பி ஒண்ணு கையில வாங்கிக்கோங்க.